வனக் குடில்களில் குடும்பத்தோடு இரண்டு நாள்

தோட்டப்புறங்களில் வாழும் நம் மக்கள் வெளியூர்ப் பயணம் அறியாதவர்கள் அல்லர். தைப்பூசத்திற்குப் பத்துமலைக்கும், மாசி மகத்திற்கு மலாக்கா சன்னாசிமலைக்கும், பங்குனி உத்திரத்திற்கு மாரான் மரத்தாண்டவர் ஆலயத்திற்கும் குடும்பம் குடும்பமாகச் சென்று வருகின்றனர். உறவினர் வீட்டுத் திருமணம், காதணி விழா, துக்க காரியம் என்று ஆண்டில் பலமுறை பேருந்து ஏறுகின்றனர். ஆயினும் இப்பயணங்கள் யாவும் ஏதேனும் ஒரு கடமையை முன்னிட்டவையே. ஓய்வு கொள்வதற்கென்றே புறப்பட்டு, வீட்டுக்கு வெளியே ஓரிரவு தங்கித் திரும்புவது என்பது பல குடும்பங்களில் ஒருமுறையேனும் நிகழ்ந்ததில்லை. கேட்டால், "அதெல்லாம் பணம் படைத்தவர்கள் காரியம்" என்னும் விடையே கிடைக்கிறது.

மரம் சீவும் குடும்பத்திற்கு இத்தகைய ஓய்வு மற்றவர்களைவிடக் கூடுதலாகத் தேவைப்படுகிறது என்பதை எண்ணிப் பார்க்க வேண்டும். பொழுது புலருமுன்னரே தாயும் தந்தையும் பெரட்டுக்குப் புறப்பட்டு விடுகின்றனர். பிள்ளைகள் கண் விழிக்கும்போது வீட்டில் பாட்டியோ மூத்த பெண்ணோ மட்டுமே இருப்பர். பெற்றோரும் பிள்ளைகளும் ஒரே நேரத்தில் விழித்தெழுந்து, அவசரமின்றி ஒன்றாகத் தேநீர் அருந்தும் காலை ஆண்டில் எத்தனை முறை வாய்க்கிறது? ஓய்வு நாள் வந்தாலும் துணி துவைத்தல், கடைக்குச் செல்லுதல், கோயில் வேலை என்று அந்நாளும் கரைந்து போகிறது. வீட்டிலிருக்கும் வரை வீட்டு வேலை விடாது.

தங்கும் விடுதிக்குச் செல்லலாம் என்றால், கணவன், மனைவி, நான்கு பிள்ளைகள் அல்லது ஒரு பாட்டியும் மூன்று பிள்ளைகளும் என்று ஆறு பேர் கொண்ட குடும்பத்தை ஓர் அறையில் தங்கவைக்கப் பெரும்பாலான விடுதிகள் இசைவதில்லை. இரண்டு அறைகள் எடுக்க வேண்டும். சமைக்க இடம் கிடையாது. ஆகவே மூன்று வேளையும் கடையில் உண்ண வேண்டும். அறை வாடகையைக் காட்டிலும் உணவுச் செலவே பலரை மலைக்க வைக்கிறது. இந்த இரண்டு இடர்களையும் ஒருசேரத் தவிர்க்கும் வழியொன்று நம் நாட்டில் உண்டு. அதுவே வனப் பூங்காக்களிலும் முகாம் திடல்களிலும் உள்ள எளிய மரக்குடில்களில் தங்குவது.

குடில் என்றால் என்ன?

தீபகற்ப மலேசியாவில் வன இலாகாவின் மேற்பார்வையில் நூற்றுக்கும் மேற்பட்ட பொழுதுபோக்கு வனங்கள் உள்ளன. மலாய் மொழியில் இவற்றை 'ஊத்தான் லீப்பூர்' என்பர். சிலாங்கூரில் உலு லங்காட்டை அடுத்த சுங்கை சொங்காக், நெகிரி செம்பிலானில் சிரம்பான்–கோலப்பிலா சாலையில் அங்சி மலையடிவாரத்தில் உள்ள உலு பெண்டுல், திரெங்கானுவில் செக்காயு ஆகியன பலரும் அறிந்தவை. இவற்றுள் சிலவற்றில் ஆற்றோரமாகக் கூடாரமடிக்கும் திடலும், அதனருகே வாடகைக்கு விடப்படும் குடில்களும் அமைந்துள்ளன. தனியார் நடத்தும் முகாம்களும் பல உண்டு. அவற்றைப் பற்றிப் பின்னர் கூறுவோம்.

குடில்கள் ஒரே மாதிரியானவை அல்ல. சில, தரையிலிருந்து மூன்று நான்கு அடி உயர்த்திக் கட்டிய பலகை வீடுகள். சில, கூரையே சுவராக இருபுறமும் தரைவரை இறங்கி வரும் கூம்பு வடிவக் குடில்கள். உள்ளே பலகைக் கட்டிலோ, தரையில் விரிக்கும் மெத்தையோ இருக்கும். சிலவற்றில் மின்விளக்கும் காற்றாடியும் உண்டு; சிலவற்றில் அவையும் இல்லை. குளியலறையும் கழிவறையும் பெரும்பாலும் பொதுவானவை. போர்வை, தலையணை, கொசுவலை, சமையல் பாத்திரம் ஆகியவற்றை நாமே கொண்டு செல்ல வேண்டியிருக்கும். மாநகரிலிருந்து வருவோர் இவற்றைக் குறைகளாகக் கருதி முகம் சுளிக்கலாம். ஆனால் பாய் விரித்துப் படுக்கவும், பொதுக்குழாயில் நீர் பிடிக்கவும், மூன்று கல் வைத்து அடுப்பு மூட்டவும் நம்மவர்க்கு யாரும் கற்றுத்தர வேண்டியதில்லை. திருவிழாவுக்குச் செல்லும்போது அண்டா முதல் அகப்பை வரை கட்டிச் சென்று பழகிய மக்கள், குடில் வாழ்க்கைக்கு வேண்டிய திறமை அனைத்தையும் ஏற்கெனவே பெற்றிருக்கின்றனர். கூடாரத்தைவிடக் குடில் குடும்பத்திற்கு ஏற்றது; மழை பெய்தாலும் முதியோரும் கைக்குழந்தைகளும் நனையார்; கதவுக்குப் பூட்டும் உண்டு.

"நாங்கள் நாள்தோறும் மரங்களுக்கிடையேதானே நடக்கிறோம், மரம் பார்க்கவா காசு செலவழித்துப் போக வேண்டும்?" என்று சிலர் கேட்கக்கூடும். நியாயமான கேள்விதான். ஆனால் நிரை நிரையாக ஒரே இன மரம் நிற்கும் தோட்டமும், இயற்கைக் காடும் ஒன்றல்ல. ரப்பரே நம் காட்டு மரமன்று. அது பிரேசில் நாட்டு அமேசான் காட்டுக்குரியது. 1876இல் அங்கிருந்து விதைகள் இங்கிலாந்துக்குக் கொண்டுசெல்லப்பட்டு, மறு ஆண்டில் கன்றுகளாகச் சிங்கப்பூருக்கும் கோலகங்சாருக்கும் வந்தன. நம் நாட்டுக் காட்டின் இயல்பை அறிய நெகிரி செம்பிலானில் உள்ள பாசோ வனத்தில் ஆய்வாளர்கள் கணக்கெடுத்தனர். அங்கே 50 ஹெக்டர் நிலத்தில் மட்டும் 800க்கும் மேற்பட்ட மர இனங்கள் இருக்கக் கண்டனர். தோட்டத்தில் ஒரே மரத்தை ஆயிரக்கணக்கில் பார்த்து வளரும் குழந்தைக்கு அத்தகைய காடு முற்றிலும் புதிய உலகமாகவே தோன்றும்.

மலையில் ஓய்வெடுக்கும் வழக்கம் தோட்ட உலகுக்குப் புதியதும் அன்று. தைப்பிங் நகரை அடுத்த புக்கிட் லாருட், 1979ஆம் ஆண்டுக்கு முன்னர் மெக்ஸ்வெல் மலை என்று வழங்கப்பட்டது. 1884 முதல் அங்கே ஆங்கில அதிகாரிகளும் தோட்டத்துரைமாரும் ஓய்வெடுக்க மாளிகைகள் எழுந்தன. 1948இல் சாலை திறக்கப்படும் வரை அவர்கள் மட்டக்குதிரைகளிலும், ஆட்கள் தோளில் சுமந்த நாற்காலிகளிலும் மேலே சென்றனர். அன்று அந்தக் குளிர்ந்த காற்று யாருக்கு உரியதாக இருந்தது என்பதைச் சொல்ல வேண்டியதில்லை. இன்று பொழுதுபோக்கு வனங்களின் வாயில் எல்லார்க்கும் திறந்திருக்கிறது.

விடுமுறை உங்கள் உரிமை

குடிலுக்குச் செல்லக் காசைவிட முதலில் தேவைப்படுவது நாள். 1955ஆம் ஆண்டு வேலைச் சட்டத்தின்படி, ஒரே முதலாளியிடம் இரண்டாண்டுக்குக் குறைவாக வேலை செய்தவருக்கு ஆண்டுக்கு 8 நாளும், இரண்டாண்டு முதல் ஐந்தாண்டுக்கு உட்பட்டவருக்கு 12 நாளும், ஐந்தாண்டும் அதற்கு மேலும் வேலை செய்தவருக்கு 16 நாளும் சம்பளத்துடன் கூடிய ஆண்டு விடுமுறை உண்டு. இது சட்டம் கூறும் குறைந்த அளவு. தொழிற்சங்கத்தின் கூட்டு ஒப்பந்தத்தில் இதனினும் நல்ல விதிகள் இருக்கக்கூடும். உங்கள் தோட்டக் கிளைச் செயலாளரைக் கேட்டறிக.

இரண்டு செய்திகளைப் பலர் கவனிப்பதில்லை. ஓராண்டு வேலைக்குரிய விடுமுறையை அதற்கடுத்த பன்னிரண்டு மாதங்களுக்குள் எடுக்க வேண்டும்; தவறினால் அந்த உரிமை அற்றுப் போகும். அவ்வாறே, அனுமதியும் தக்க காரணமும் இன்றி வேலை நாட்களில் பத்து விழுக்காட்டுக்கு மேல் வராதிருந்தவர், அந்த ஆண்டுக்குரிய விடுமுறையை இழக்கிறார். அவ்வப்போது சொல்லாமல் நின்றுவிடும் பழக்கத்திற்குக் கொடுக்கும் விலை இதுவே.

எடையளவுக்கேற்பக் கூலி பெறுவோர் மற்றொன்றையும் அறிந்திருத்தல் நலம். அவர்களின் விடுமுறைச் சம்பளம் முந்தைய கூலிக் காலத்தில் ஈட்டிய தொகையை வேலை செய்த நாட்களால் வகுத்துக் கணக்கிடப்படுகிறது. பால் நன்றாக இறங்கிய மாதத்திற்கு அடுத்து எடுக்கும் விடுமுறைக்குக் கூடுதலாகவும், இலையுதிர்ந்து பால் சுருங்கிய மாதத்திற்கு அடுத்து எடுக்கும் விடுமுறைக்குக் குறைவாகவும் சம்பளம் அமைவது இதனால்தான்.

எந்தக் காலம் ஏற்றது என்பதில் சிறிது சிக்கல் உண்டு. பிப்ரவரி முதல் ஏப்ரல் வரை மரங்கள் இலையுதிர்க்கும் காலத்தில் வேலை குறைவு. மேற்குக்கரை மாநிலங்களில் ஆண்டின் முற்பகுதியில் மழையும் குறைவு. ஆனால் கையில் காசும் அப்போது குறைவு. மே முதல் செப்டம்பர் வரை தென்மேற்குப் பருவக் காற்றுக் காலம். பொதுவாக மழை குறைந்த காலம் என்பர். நவம்பர் முதல் மார்ச் வரை வடகிழக்குப் பருவ மழை கிழக்குக்கரையைத் தாக்கும்போது பகாங், திரெங்கானு, கிளந்தான் பக்கம் செல்ல எண்ணவே வேண்டாம். ஆண்டிறுதிப் பள்ளி விடுமுறை இந்த மழைக்காலத்தில் வருமாயின், பிள்ளைகள் எவ்வளவு வற்புறுத்தினும் ஆண்டின் நடுவில் வரும் விடுமுறையைத் தேர்வதே அறிவுடைமை.

பணம் சேர்க்கும் வகை

நாட்டின் குறைந்தபட்சச் சம்பளம் 2025 பிப்ரவரி முதல் மாதம் 1,700 ரிங்கிட்டாக உயர்த்தப்பட்டது. அதிலிருந்து வாரம் 10 ரிங்கிட் ஒதுக்கினால் ஓராண்டில் 520 ரிங்கிட் சேரும். 1974இல் தொடங்கப்பட்ட தேசிய சேமிப்பு வங்கியில் பிள்ளைகளில் ஒருவர் பெயரில் கணக்குத் திறந்து, அப்பொறுப்பை அப்பிள்ளையிடமே விட்டுவிட்டால் தவணை தவறாது என்பது நம் கணிப்பு. தந்தை மறந்தாலும் பிள்ளை நினைவூட்டும்! தோட்டத்தில் சிலர் பிடிக்கும் கூட்டுப் பணத்தை இதற்கு நம்ப வேண்டாம். கூட்டு நிதி நடத்துவதை 1971ஆம் ஆண்டுச் சட்டம் தடை செய்திருக்கிறது.

பயணத்தைத் திட்டமிட்டபின் பணம் தேடாமல், சேர்ந்த பணத்தை முதலில் எண்ணி, அதற்குள் அடங்கும் பயணத்தைத் திட்டமிடுங்கள். குடில் வாடகை குடிலுக்கு இவ்வளவு என்றே பெரும்பாலும் கேட்கப்படும்; தலைக்கு இவ்வளவு அன்று. ஆகவே உறுப்பினர் மிகுந்த குடும்பத்திற்கே இதில் இலாபம். வார நாட்களில் கூட்டம் குறைவு. சில இடங்களில் வாடகையும் குறைவு. செலவில் பெரும்பங்கு பயணத்திற்கே போகும் என்பதால், முதன்முறை செல்வோர் தம் தோட்டத்திலிருந்து இரண்டு மணி நேரத்திற்குள் அடையக்கூடிய இடத்தையே தெரிந்தெடுக்கலாம். இரண்டு குடும்பங்கள் சேர்ந்து ஒரு வேன் அமர்த்தினால் செலவு பாதியாகும். சரக்கு லாரியில் ஆட்களை ஏற்றிச் செல்வது சட்ட விரோதம். காசு மிச்சம் என்று அவ்வழியை நாட வேண்டாம்.

முன்பதிவு கட்டாயம். மாவட்ட வன அலுவலகத்தைத் தொலைபேசியில் அழைத்து, குடில் காலியாக உள்ளதா, எத்தனை பேர் படுக்கலாம், மின்சாரம் உண்டா, சமைக்க இடம் எங்கே, குடிநீர் கிடைக்குமா, முன்பணம் எவ்வளவு, எப்போது வந்து எப்போது காலி செய்ய வேண்டும் என்று கேட்டு எழுதி வைத்துக்கொள்க. அவ்வப்போது பழுது பார்ப்பதற்காகவும் மழைக்காலத்தை முன்னிட்டும் குடில்கள் மூடப்படுவதுண்டு. புறப்படுவதற்கு முதல் நாள் மீண்டும் ஒருமுறை கேட்பது வீண் அலைச்சலைத் தவிர்க்கும். குடிலை விட்டு மலையேறவோ காட்டுக்குள் நெடுந்தூரம் நடக்கவோ விரும்புவோர் வன இலாகாவின் தனி அனுமதிச் சீட்டுப் பெற வேண்டும் என்பதையும் நினைவிற் கொள்க.

அடுப்பும் அரிசியும்

ஆறு பேர் இரண்டு இரவு தங்க நான்கு கிலோ அரிசி போதுமானது. குளிர்ப்பெட்டி இராதாகையால் கோழியோ மீனோ முதல் நாள் இரவுக்கு மட்டுமே. அதையும் வீட்டிலேயே மஞ்சளும் உப்பும் தடவி, பனிக்கட்டியிட்ட பெட்டியில் கொண்டு செல்ல வேண்டும். முதல் நாள் பகலுக்குப் புளிச்சோறும் அவித்த முட்டையும் கட்டிக்கொண்டால், சென்றவுடன் அடுப்புப் பற்ற வைக்கும் தொல்லையில்லை. பின்னர் பருப்பு, உருளைக்கிழங்கு, பெரிய வெங்காயம், வறுத்த நெத்திலிச் சம்பல், சாடின் டின் ஆகியவற்றைக் கொண்டே இரண்டு நாளையும் ஓட்டிவிடலாம். நெத்திலிச் சம்பலை எண்ணெய் தெளிய வதக்கிப் புட்டியில் அடைத்தால் கெடாது. உணவுப் பொருள் எதையும் வெளியில் வைக்க வேண்டாம். ஊத்தான் லீப்பூர்க் குரங்குகள் பையின் வாயைத் திறக்கும் கலையில் தேர்ந்தவை. இரவில் எலிகளும் வரும்.

இங்கே ஆடவர்க்கு ஒரு வார்த்தை. வீட்டில் மூன்று வேளை சமைக்கும் மனைவியை அழைத்துச் சென்று, காட்டிலும் மூன்று வேளை சமைக்க வைத்தால் அது அவளுக்கு விடுமுறையன்று. அடுப்பு மட்டுமே இடம் மாறியிருக்கிறது. கோயில் திருவிழாவில் நூறு பேருக்குச் சோறு வடிக்கும் ஆண்கள், ஆறு பேருக்குச் சமைக்க இயலாது என்று கூறுவதை எவரும் நம்பமாட்டார்கள்.

சமையலை எப்போதும் குடிலுக்கு வெளியே, அதற்கென ஒதுக்கிய இடத்தில் செய்க. மழை பெய்கிறதென்று கரியடுப்பையோ எரிவாயு அடுப்பையோ உள்ளே கொண்டுவந்து கதவைச் சாத்தினால், கார்பன் மோனாக்சைடு என்னும் நச்சுவாயு நிறையும். அதற்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. உறங்குபவர் உறக்கத்திலேயே மாண்டு போவர். அணைந்ததுபோல் தோன்றும் கரித்தணலிலிருந்தும் இவ்வாயு வெளிவரும்.

சிக்கனம் கூடாத இடம்

இதுவரை செலவைக் குறைக்கும் வழிகளைக் கூறினோம். குடில் அமைந்திருக்கும் இடத்தைப் பொறுத்தவரை மலிவு என்பது ஒரு காரணமாகவே இருத்தலாகாது. 2022 டிசம்பர் 16ஆம் நாள் விடியுமுன், சிலாங்கூர் பத்தாங் காலியிலிருந்து கெந்திங் மலைக்குச் செல்லும் சாலையோரத்தில் மண் சரிந்து முகாம் ஒன்றை மூடியது. பள்ளி விடுமுறைக்காகக் குடும்பத்தோடு வந்து உறங்கிக் கொண்டிருந்தவர்களுள் 31 பேர் மாண்டனர். பலர் சிறுவர் சிறுமியர். அவ்விடத்தில் முகாம் நடத்த உரிமம் பெறப்படவில்லை என்பது பின்னரே வெளியுலகுக்குத் தெரிந்தது. அங்குச் சென்றவர்கள் கவனமில்லாதவர்கள் அல்லர். கேட்க வேண்டும் என்று அவர்களுக்கு எவரும் சொல்லவில்லை, அவ்வளவே.

ஆகவே கேளுங்கள். தனியார் முகாமாயின், ஊராட்சி மன்றத்தின் உரிமம் உண்டா என்று நடத்துவோரையும் கேளுங்கள். ஐயம் எழுந்தால் மாவட்ட மன்றத்தையே அழைத்துக் கேளுங்கள். உரிமம் காட்டத் தயங்குபவரிடம் ஓரிரவும் தங்க வேண்டாம். சென்று சேர்ந்ததும் பகல் வெளிச்சத்திலேயே குடிலைச் சுற்றி ஒருமுறை நடந்து பாருங்கள். குடிலுக்குப் பின்னே செங்குத்தான மண்சுவர் உள்ளதா? புதிதாக வெட்டிய சரிவா? மேலே நிலத்தில் வெடிப்புத் தெரிகிறதா? மரங்கள் ஒரே பக்கமாகச் சாய்ந்து நிற்கின்றனவா? சரிவிலிருந்து கலங்கல் நீர் கசிகிறதா? மலைச்சரிவில் படிவெட்டி மரம் நட்ட தோட்டங்களில் வேலை செய்தவர்களுக்கு மண்ணின் குணம் தெரியும். இந்த அடையாளங்களில் ஒன்று தென்பட்டாலும் வேறு குடில் கேளுங்கள். கிடைக்காவிடில் வீடு திரும்புங்கள். கட்டிய முன்பணம் போனால் போகட்டும்.

அடுத்தது ஆறு. மலாய் மக்கள் 'கெப்பாலா ஆயிர்' என்று கூறும் திடீர் வெள்ளத்தைப் பற்றி ஆற்றில் இறங்குவோர் அனைவரும் அறிந்திருத்தல் வேண்டும். நாம் நிற்கும் இடத்தில் வெயில் காயலாம். ஆனால் மலையுச்சியில் கனமழை பெய்தால், குறுகிய பள்ளத்தாக்கில் ஓடிவரும் நீர் சில நிமிடங்களில் பல அடி உயர்ந்துவிடும். மேலே விழுந்து கிடக்கும் மரங்களும் பாறைகளும் அணைபோல் நீரைத் தேக்கி, பின்னர் உடைந்தால் அதன் வேகத்திற்கு எதிரே எதுவும் நில்லாது. 2021 ஆகஸ்டு 18ஆம் நாள் கெடா மாநிலத்தில் ஜெராய் மலையடிவாரத்தில் யான் வட்டாரத்தைத் தாக்கிய வெள்ளம் இத்தகையதே. உயிர்களையும் அது கொண்டு சென்றது. தெளிந்த நீர் திடீரெனக் கலங்குதல், இலையும் சுள்ளியும் மிதந்து வருதல், நீர் சட்டெனக் குளிர்தல், மேலிருந்து இரைச்சல் கேட்டல் ஆகியவை எச்சரிக்கைகள். இவற்றில் ஒன்றைக் கண்டாலும் செருப்பையும் துணியையும் தேடாமல் கரையேறி, கரையிலும் நில்லாமல் மேட்டுக்குச் செல்க. மலைப்பக்கம் கருத்திருந்தால் ஆற்றில் இறங்கவே கூடாது. நடு ஆற்றிலுள்ள பாறைமீது பாய் விரித்து உண்ணும் வழக்கம் சிலரிடம் உண்டு. பார்ப்பதற்கு அழகுதான், ஆனால் வெள்ளம் வந்தால் அங்கிருந்து தப்ப வழியில்லை. மது அருந்தியவர் நீரில் இறங்குவதைப் பற்றி விரித்துரைக்க வேண்டுமா?

ஆற்று நீரில் வேறோர் ஆபத்தும் உண்டு. 2010ஆம் ஆண்டில் பகாங், மாரான் மாவட்டத்து லூபோக் யூ பொழுதுபோக்கு வனத்தில் ஒருவர் நீரில் மூழ்கியபோது, அவரைத் தேட இறங்கியவர்கள் பலர் பின்னர் நோயுற்றனர், எண்மர் மாண்டனர். எலிச் சிறுநீர்க் காய்ச்சலும், மண்ணிலும் நீரிலும் வாழும் மற்றொரு கிருமியால் வரும் மெலியோய்டோசிஸ் என்னும் நோயும் அதற்குக் காரணமாயின. உடலில் வெட்டுக்காயம் உள்ளவரும் நீரிழிவு நோயாளரும் ஆற்றில் இறங்காதிருப்பது நலம். உளியும் கத்தியும் பிடிக்கும் கைகளில் சிறு கீறல் இல்லாத நாள் குறைவு என்பதால், நம்மவர் இதனைச் சற்றுக் கூடுதலாகவே கவனிக்க வேண்டும். உண்ணும் தட்டையும் டின்னின் மேற்புறத்தையும் கழுவியே பயன்படுத்துங்கள்; குடிக்கும் நீரைக் கொதிக்க வைத்தே குடியுங்கள். வீடு திரும்பிய இரண்டு மூன்று வாரங்களுக்குள் காய்ச்சல், கடுந்தலைவலி, கெண்டைக்கால் வலி, கண் சிவத்தல் ஆகியன தோன்றினால் உடனே மருந்தகம் செல்க. "ஆற்றில் குளித்தேன்" என்பதை மருத்துவரிடம் முதலிலேயே கூறுக. அந்த ஒரு சொல் நோயை விரைவில் கண்டறிய உதவும்.

பாம்பு, தேள், அட்டை ஆகியவற்றைப் பற்றித் தோட்டத்து மக்களுக்கு அதிகம் எழுத வேண்டியதில்லை. காலையில் காலணியை உதறிப் போடுவது உங்களுக்குப் பழகிய செயலே. பாம்பு கடித்தால் கீறுவதும் உறிஞ்சுவதும் இறுகக் கட்டுவதும் தவறு; கடிபட்டவரை அசையாமல் வைத்து மருத்துவமனை சேர்க்க வேண்டும். கைத்தொலைபேசிக்குக் காட்டில் தொடர்பு கிடைக்காமற் போகலாம். ஆதலால் வனக்காவலரின் அறை எங்குள்ளது, 999க்கு எங்கிருந்து அழைக்கலாம் என்பதைச் சென்றவுடன் கேட்டறிந்து, பிள்ளைகளுக்கும் காட்டி வையுங்கள். முதியோர் நாள்தோறும் உட்கொள்ளும் மருந்தை ஒரு நாளுக்குக் கூடுதலாகவே எடுத்துச் செல்க.

பெரிய பயணம் விரும்புவோர்க்கு

அருகிலுள்ள வனத்தில் ஓரிரு முறை தங்கிப் பழகியவர்கள், தமான் நெகாரா எனப்படும் தேசியப் பூங்காவை நாடலாம். பகாங், கிளந்தான், திரெங்கானு ஆகிய மூன்று மாநிலங்களில் 4,343 சதுர கிலோமீட்டர் பரவியுள்ள இக்காட்டில்தான் தீபகற்பத்தின் மிக உயர்ந்த சிகரமான தஹான் மலை, 2,187 மீட்டர் உயரத்தில் நிற்கிறது. முன்னர் ஐந்தாம் ஜார்ஜ் மன்னர் பெயரால் வழங்கிய இப்பூங்கா, நாடு விடுதலை பெற்றபின் தேசியப் பூங்காவாயிற்று. கெமாஸ்–தும்பாட் இரயில் பாதையில் உள்ள ஜெராண்டுட் நகரை அடைந்து, அங்கிருந்து சாலை வழியாகக் கோல தஹான் சென்று சேரலாம். பூங்காவின் பக்கம் உள்ள விடுதியில் வாடகை மிகுதி. தெம்பெலிங் ஆற்றின் எதிர்க்கரையில் உள்ள கோல தஹான் கிராமத்திலோ எளிய குடில்களும், பலர் சேர்ந்து படுக்கும் அறைகளும், ஆற்றில் மிதக்கும் உணவுக்கடைகளும் உள்ளன. நம் போன்ற குடும்பங்களுக்கு அக்கரையே பொருத்தம். பூங்காவுக்குச் சிறு படகில் கடந்து சென்றால் போதும்.

காட்டுக்குள் 'பும்புன்' எனப்படும் மறைகுடில்களும் உண்டு. உப்புமண் தேடி விலங்குகள் வரும் திறந்தவெளியை நோக்கி, உயர்ந்த கால்கள்மீது கட்டியவை அவை. மின்சாரம் கிடையாது. இரவு முழுதும் பேசாதிருந்தால் மானோ தப்பீரோ வரக்கூடும், வராமலும் போகலாம். சிறு குழந்தைகளை அங்கே அழைத்துச் செல்ல வேண்டாம். இரவு முழுதும் பேசாதிருக்க அவர்களால் இயலாது. அவர்களுக்குக் கோல சிலாங்கூர் பக்கம் கம்போங் குவாந்தானில் இரவில் துடுப்புப் படகிலிருந்து காணும் மின்மினிகளே மேல். ஆற்றோர பெரெம்பாங் மரங்களில் ஆயிரக்கணக்கான மின்மினிகள் ஒருசேர ஒளிர்ந்து ஒருசேர அணைவதை, பேசிக்கொண்டே பார்க்கலாம்.

குடிலை விட்டுப் புறப்படும் காலையில் செய்ய வேண்டியன சில உள. அடுப்புச் சாம்பலில் நீர் ஊற்றிக் கையால் தொட்டுப் பார்த்து, சூடில்லை என்று தெளிந்தபின் அகல்க. குப்பையைப் பையில் கட்டித் தொட்டியில் சேர்க்கவும். தொட்டி நிரம்பியிருந்தால் வீட்டுக்கே கொண்டு வந்துவிடுங்கள், வெளியில் வைத்த பையைக் குரங்குகள் சில நிமிடங்களில் பரப்பிவிடும். கூட்டிப் பெருக்கி, சன்னலைச் சாத்தி, விளக்கையும் நீர்க்குழாயையும் நிறுத்திய பின்னர், உடைந்த பொருள் ஏதுமில்லை என்பதைக் காவலருக்கு நேரில் காட்டிச் சாவியை ஒப்படைத்து, முன்பணத்தைப் பெற்றுக்கொள்ளுங்கள். அதற்குரிய இரசீதை முதல் நாளே பத்திரப்படுத்தி வைத்திருக்க வேண்டும்.